ஆயில் போன வழி தெரியாமல் இன்ஜினை மூடாதீர்கள்

வாசகர் கேள்வி – மெக்கானிக் பதில்

கேள்வி: எங்களிடம் 3 சிலிண்டர் டீசல் டிராக்டர் இருக்கிறது. போன வாரம் உழுதுகொண்டிருந்தபோது இன்ஜின் சத்தம் கனத்தது, இழுவை குறைந்தது. மண் இறுக்கம் என்று நினைத்து, கியரைக் குறைத்து இன்னும் இரண்டு சால் ஓட்டினேன். உள்ளே ‘டக் டக்’ என்று அடித்தது, அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. இப்போது ஸ்டார்ட்டர் போட்டால் ஒரு தட்டு மட்டும் கேட்கிறது, சுற்றவில்லை. ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் நுனியில்கூட ஆயில் படவில்லை. புல்லி நட்டில் ஸ்பானர் போட்டு இரண்டு பேர் தள்ளியும் அசையவில்லை. சிலிண்டரில் டீசல் ஊற்றி ஊறவைத்து, இன்னொரு டிராக்டரால் கட்டி இழுத்தால் விட்டுக்கொடுக்கும் என்கிறார் ஒருவர். இன்ஜின் முடிந்தது, வேறு பழைய இன்ஜின் வாங்கி மாட்டு என்கிறார் இன்னொருவர். நான் என்ன செய்வது ஐயா?

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கட்டி இழுக்காதீர்கள். ஸ்டார்ட்டரையும் இனித் தொடவேண்டாம், பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். இந்த நிமிடத்தில் காப்பாற்றக்கூடிய நிலையில் இருக்கும் கிராங்கும் (இன்ஜினின் சுற்றும் தண்டு) கன்ராடும் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கை), கட்டி இழுத்த பிறகு அப்படி இருக்காது.

சிலிண்டரில் டீசல் ஊற்றச் சொன்னவர் சொல்வது ஒரு வைத்தியம்தான், ஆனால் வேறு நோய்க்கு. பல மாதம் ஓடாமல் நின்று, உள்ளே ஈரம் இறங்கி, பிஸ்டன் ரிங்கும் லைனரும் (சிலிண்டரின் உள்சுவர்) துருவால் ஒட்டிக்கொண்ட இன்ஜினுக்கு அது பலன் தரும். ஊற ஊறத் துரு இளகும். உங்களுடையது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் இல்லாமல் நின்ற இன்ஜின். இங்கே ஒட்டியிருப்பது துரு இல்லை, உருகிய உலோகம். மேலே எத்தனை லிட்டர் டீசல் ஊற்றினாலும், கீழே கிராங்கோடு ஒட்டிப்போன பேரிங்கை (கிராங்கைச் சுற்றிப் பிடித்திருக்கும் உலோகத் துண்டு) அது ஒன்றும் செய்யாது.

உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால், செய்யவேண்டியதும் கூடாததும் தானாகவே புரியும். ஆயில் சரியாக இருக்கும் இன்ஜினில், ஓட்டத்தின்போது கிராங்க் பேரிங்கைத் தொடுவதே இல்லை. சுற்றுகிற கிராங்க் ஆயிலை இழுத்துத் தனக்கு அடியில் படலமாக விரித்துக்கொண்டு அதன்மேல் மிதக்கிறது. அந்தப் படலம் தலைமுடிப் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அது இருக்கும்வரை பேரிங் ஆயிரக்கணக்கான மணிநேரம் உழைக்கும். பேரிங் துண்டின் முதுகு எஃகு. அதன்மேல் செம்பும் ஈயமும் கலந்த உலோகம், அல்லது அலுமினியமும் வெள்ளீயமும் கலந்தது. பலவற்றில் அதற்கும் மேலே ஈயம், வெள்ளீயம் சேர்ந்த மெல்லிய பூச்சு. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், ஈயம் 327 டிகிரியில். கலப்பையின் சுமையோடு ஓடும் இன்ஜினில் படலம் அறுந்தால், உரசல் சூடு அந்த அளவுக்கு ஏற அதிக நேரம் ஆகாது.

முதலில் போவது பெரும்பாலும் பிக் எண்ட் பேரிங், அதாவது கன்ராடின் கீழ்ப்பக்கம் இருப்பது. ஆயில் கேலரியிலிருந்து (பிளாக் என்ற இன்ஜின் உடலுக்குள் ஆயில் ஓடும் வழி) முதலில் கிராங்கை பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங்குக்கு வந்து, அங்கிருந்து கிராங்க் உள்ளே போட்ட துளை வழியாகத்தான் பிக் எண்டுக்குப் போகிறது. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் கடைமடை வயல்தானே முதலில் காயும்? நீங்கள் கேட்ட ‘டக் டக்’, பூச்சு உருகிக் கழன்று, கன்ராடு கிராங்கில் தளர்ந்து அடித்த சத்தம். அதற்கு முன்பே இழுவை குறைந்தது என்கிறீர்கள். பிஸ்டனும் லைனரில் உரச ஆரம்பித்திருக்கும் என்று நினைக்கிறேன். பிஸ்டன் அலுமினியம், லைனர் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். மேலே தெறிக்க ஆயிலும் இல்லை, விரிந்த பிஸ்டனுக்கு இடமும் இல்லை, அதனால் இறுகிவிட்டது.

இப்போது கட்டி இழுத்தால் என்ன ஆகும்? கிராங்கோடு ஒட்டிய பேரிங் துண்டு ராடுக்குள்ளேயே சுற்றும். ராடின் துளை கெடும். அதுவும் சுற்றாவிட்டால் ராடு வளையும், அல்லது போல்ட் அறுந்து பிளாக்கைக் குத்தி வெளியே வரும். பிளாக் ஓட்டையானால் அப்போது உங்கள் இரண்டாவது நண்பர் சொன்னது உண்மையாகிவிடும்.

சரி, வேலையை எங்கே ஆரம்பிப்பது? டிராக்டரைத் தண்ணீர் அடித்துக் கழுவாமல் ஆரம்பியுங்கள். திறப்பதற்கு முன் சுத்தமாகக் கழுவவேண்டும் என்பதுதான் பட்டறை வழக்கம், நானும் கழுவுவேன். ஆனால் ஆயில் காணாமல் போன இன்ஜினைக் கழுவினால் சாட்சியைக் கழுவியதாகிவிடும். கசிந்த ஆயிலில் புழுதி ஒட்டி, போன வழியெல்லாம் கறுப்புக் கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டைக் கீழிருந்து மேலாகத் தேடிக்கொண்டு போங்கள். எங்கே முடிகிறதோ அங்கேதான் கசிவு.

நான் பார்த்த வரையில் அடிக்கடி மாட்டுகிற இடங்களைச் சொல்கிறேன். ஆயில் ஃபில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புது ஃபில்டரை மாட்டினால் இரண்டு வளையம் ஆகிவிடும். சில மணிநேரம் தாங்கி, அப்புறம் அழுத்தத்தில் பிதுங்கி, மொத்த ஆயிலையும் கொட்டிவிடும். அடுத்தது டிரெயின் பிளக். செம்பு வாஷரைத் திரும்பத் திரும்பப் போட்டது, மரை போனது. ஆயில் கேஜுக்குப் போகும் மெல்லிய குழாய் எதிலாவது உரசி ஓட்டையாவது உண்டு. கல்லோ வேர்க்கட்டையோ இடித்துச் சம்பில் (அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) விழுந்த விரிசல், கிராங்க் ஆயில் சீல், டர்போ இருந்தால் அதன் ஆயில் குழாய் எல்லாவற்றையும் பாருங்கள். வெளியே ஒரு சொட்டுத் தடமும் இல்லை என்றால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரில் ஆயில் மிதக்கிறதா என்று பாருங்கள். ஆயில் கூலர் உள்ளே உடைந்தால் அப்படி ஆகும். அதுவும் இல்லையா? பல வாரமாக நீலப் புகை வந்ததா, எத்தனை நாளைக்கு ஒரு முறை குச்சியைப் பார்த்தீர்கள் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். தேய்ந்த ரிங் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்தே சம்ப் காலியானதும் உண்டு.

கசிவைக் கண்டுபிடித்து ஒரு தாளில் எழுதி வைத்த பிறகு கழுவுங்கள்.

அடுத்து, இறுகியது இன்ஜின்தானா என்று உறுதிசெய்யுங்கள். உங்கள் விஷயத்தில் அநேகமாக அதுதான், இருந்தாலும் பார்த்துவிடவேண்டும். கிளட்சை மிதித்துப் பிடித்துக்கொண்டு புல்லியைத் திருப்பிப் பாருங்கள். கிளட்ச் மிதித்ததும் சுற்றினால் சிக்கல் பின்னால் கியர் பக்கம். பெல்ட்டைக் கழற்றுங்கள், வாட்டர் பம்ப் இறுகியும் இழுக்கும். ஸ்டார்ட்டரை இறக்குங்கள், அதன் பல்சக்கரம் ஃப்ளைவீல் பல்லில் கடித்துக்கொண்டு நிற்கும். பிறகு டீசலைப் பீச்சும் நாசில்கள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். சிலிண்டரில் தண்ணீரோ டீசலோ தேங்கி நின்றாலும் இன்ஜின் இப்படித்தான் அடம்பிடிக்கும். நாசில் துளை வழியாக அது வெளியேறியதும் சுற்ற ஆரம்பிக்கும். இவ்வளவும் பார்த்த பிறகு நீளமான கம்பி போட்டு இரண்டு பக்கமும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். அசையவில்லை என்றால் திறக்கவேண்டியதுதான்.

ஒருவேளை அசைந்து, முழுச் சுற்றும் சுற்றினால் சந்தோஷப்பட்டு ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். ஆறியதும் பிஸ்டன் சுருங்கி விட்டுக்கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். லைனரில் அலுமினியம் இழுத்த தடமும், பேரிங்கில் உருகிய பூச்சும் அப்படியே இருக்கும். இப்படி விட்டுக்கொடுத்த ஒரு இன்ஜினை என்னிடம் காட்டி, ஓட்டலாமா என்று கேட்டார் ஒருவர். வேண்டாம் என்றேன். வேலை அவசரம், ஓட்டினார். நாலாம் நாள் ராடு பிளாக்கைப் பிளந்துகொண்டு வந்தது. அந்தப் பிளாக்கைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மனசு வலித்தது. சம்பை இறக்கி ஒரு செட் பேரிங் மாற்றியிருந்தால் அதே இன்ஜின் இன்னும் பல வருடம் உழுதிருக்கும்.

பிரிக்கும் வேலையில் எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் உயிரைப் பாருங்கள். பல டிராக்டர்களில் தனியாக சேஸிஸ் கிடையாது. பிளாக்கும் சம்பும்தான் முதுகெலும்பு, முன் அச்சு அதில்தான் தொங்குகிறது. சம்பை இறக்க முன்பக்கத்தையே பிரிக்கவேண்டியிருக்கும். முன் அச்சு நடு முளையில் ஊசலாடும் அமைப்பு. பிரிக்கும் முன் அச்சுக்கும் தாங்கிக்கும் நடுவில் இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்து இறுக்காவிட்டால் முன்பகுதி ஒரு பக்கம் சாயும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். கிளட்ச் ஹவுசிங் அடியில் கனமான ஸ்டாண்டு வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள். இந்த வேலையைப் பழகிய ஆள் இல்லாமல் முதல்முறை நீங்களாகச் செய்யவேண்டாம்.

ஃபில்டரைத் தூக்கி எறியாதீர்கள். வெட்டித் திறந்து உள்ளே இருக்கும் காகிதத்தை விரித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். தங்க நிறத்தில் மினுக்கினால் பேரிங் செம்புவரை தேய்ந்திருக்கிறது. வெள்ளையாக, காந்தத்தில் ஒட்டாமல் இருந்தால் பிஸ்டன் அலுமினியம் அல்லது பேரிங் பூச்சு. காந்தத்தில் ஒட்டினால் எஃகு அல்லது வார்ப்பிரும்பு. ரிங், லைனர், கிராங்க் எல்லாம் சந்தேகத்துக்கு வரும். என்னிடம் வேலை பழக வருகிற பையன்களுக்கு முதல் வாரம் நான் கொடுக்கும் வேலையே பழைய ஃபில்டரை வெட்டிப் படிப்பதுதான்.

ஹெட்டைத் தூக்கி, சம்பை இறக்கியதும் ராடு கேப்பை (ராடின் கீழ்ப்பாதி மூடி) ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். ஒவ்வொரு ராடிலும் அதன் கேப்பிலும் ஒரே எண் பொறித்திருக்கும். இல்லையென்றால் நீங்களே குறி போடுங்கள். ஒன்றின் கேப் இன்னொன்றுக்குப் போகக் கூடாது, திருப்பியும் போடக் கூடாது. ஒட்டிய ராடின் கேப் தளர்ந்த நொடியில் கிராங்க் சட்டென்று விட்டுச் சுற்றலாம், விரலை உள்ளே வைக்காதீர்கள். எந்தக் கேப்பில் கிராங்க் விடுதலையாகிறதோ அதுதான் குற்றவாளி. மூன்று கேப்பும் திறந்தும் கிராங்க் சுற்றவில்லை என்றால் மெயின் பேரிங். கிராங்க் சுற்றுகிறது, ஆனால் பிஸ்டன் அசையவில்லை என்றால் அந்த லைனரில் பிடித்திருக்கிறது.

கிராங்கைக் கழற்றித் துடைத்து, ஜர்னலில் (பேரிங் உட்காரும் வழவழப்பான பகுதி) நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் கிரைண்டிங்தான். மைக்ரோமீட்டரால் ஒரே ஜர்னலைச் சுற்றிலும் நாலு இடத்தில், இரண்டு ஓரத்திலும் அளக்கவேண்டும். வட்டம் கெட்டதும் சரிவும் அப்போதுதான் தெரியும். கிரைண்டிங் பெரும்பாலும் 0.25 மி.மீ. படிகளில் நடக்கும்: 0.25, 0.50, 0.75, 1.00. உங்கள் இன்ஜினுக்கு எந்த அளவு வரை பேரிங் கிடைக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு கிரைண்டிங்குக்குக் கொடுங்கள், முதலில் தேய்த்துவிட்டுத் தேடி அலையவேண்டாம். ஒரு ஜர்னல்தான் கெட்டிருந்தாலும் மூன்று பிக் எண்ட் ஜர்னலையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவதுதான் நல்லது.

ஜர்னலில் சூட்டால் நீலம் பாய்ந்திருந்தால் கிரைண்டிங்குக்கு முன்னால் விரிசல் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். கிராங்கைக் காந்தமாக்கி, இரும்புத்தூள் கலந்த திரவத்தை ஊற்றினால் கண்ணுக்குத் தெரியாத விரிசலில் தூள் கோடாகச் சேரும். விரிசல் தெரிந்தால் அந்தக் கிராங்கை விட்டுவிடுங்கள். வெல்டிங் வைத்து நிரப்பித் தேய்த்துத் தருகிறேன் என்று சொல்பவர் உண்டு. உழவு வேலை பார்க்கும் இன்ஜினுக்கு நான் அதைச் செய்வதில்லை. சில கிராங்குகள் நைட்ரைடு முறையில் மேற்பரப்பு மட்டும் கடினமாக்கப்பட்டவை. தேய்த்தால் அந்தத் தோல் போய்விடும், மறுபடி நைட்ரைடு செய்யவேண்டும். உங்களுடையது எந்த வகை என்று சர்வீஸ் கையேட்டில் இருக்கும். கிரைண்டிங் முடிந்து வந்ததும் இரண்டு இடம் பாருங்கள்: ஜர்னல் ஓரத்தில் இருக்கும் சிறு வளைவு பழையபடி இருக்கிறதா, ஆயில் துளையின் விளிம்பு மழுக்கப்பட்டிருக்கிறதா. ஓர வளைவைக் கூர்மூலையாக விட்டுவிட்டால் கிராங்க் பின்னாளில் அங்கேதான் உடையும்.

ராடை விட்டுவிடாதீர்கள். பேரிங் உள்ளே சுற்றியிருந்தால், கேப்பைச் சரியான டார்க்கில் இறுக்கி, துளையைப் போர் கேஜால் அளக்கவேண்டும். ராடும் நீலமாகியிருந்தால் மாற்றுங்கள். வளைந்திருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். ராடு போல்ட்டுகள் எப்படியானாலும் புதிது. மெயின் பேரிங் சுற்றியிருந்தால் பிளாக்கின் மெயின் துளைகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று லேத் பட்டறையில் சரிபார்க்கவேண்டும். பிஸ்டன், ரிங், லைனர் பற்றி நீட்டவில்லை. பிடித்த சிலிண்டரில் மூன்றும் புதிது, மற்ற இரண்டில் அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள். வெட் லைனர் (வெளிப்பக்கம் தண்ணீர் படும் வகை) என்றால் அடி ரப்பர் வளையங்களும் புதிதாகப் போட்டு, பிளாக் மட்டத்துக்கு மேல் லைனர் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று டயல் கேஜால் பாருங்கள். அது கையேட்டு அளவில் இல்லாவிட்டால் ஹெட் கேஸ்கெட் நிற்காது.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதே என் மனதில் இருந்தது. பிடித்த இன்ஜின் மறுபடி பிடிப்பதற்குப் பெரும்பாலும் உதிரிபாகம் காரணம் இல்லை, உள்ளே தங்கிய தூள்தான் காரணம். உருகிய பேரிங்கின் துகள் எல்லாம் ஆயில் போகிற எல்லா வழிக்கும் போயிருக்கும். நான் தனியாக வேலை எடுக்க ஆரம்பித்த இரண்டாம் வருடம், இதே மாதிரி ஒரு இன்ஜினை எல்லா அளவும் பார்த்து, புதுப் பேரிங் போட்டுக் கொடுத்தேன். கேலரியை ஊதினேன், சம்பைக் கழுவினேன். ஆயில் கூலரைக் கழற்றி டீசலில் அலசி அப்படியே மாட்டினேன். 11 மணிநேரம் ஓடியது. மறுபடி அதே சத்தம். திறந்தால் புதுப் பேரிங்கில் கீறல் கீறலாகத் துகள் பதிந்திருக்கிறது. கூலரை அறுத்துப் பார்த்தேன். மெல்லிய தட்டுகளுக்கு நடுவே தங்கப்பொடி மாதிரி அடைந்துகிடந்தது. சூடான ஆயில் அழுத்தத்தோடு பாய்ந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்து வந்திருக்கிறது. இரண்டாவது கிராங்க் கிரைண்டிங்கும் பேரிங்கும் என் கைக்காசில் செய்து கொடுத்தேன். அந்தப் பேரிங் துண்டு ஒன்று இன்றும் என் மேஜையில் இருக்கிறது.

அதனால் கூலரைப் புதிதாக மாற்றுங்கள். பிளாக்கின் கேலரி முனைகளில் இருக்கும் பிளக்குகளைக் கழற்றி, நீளமான நைலான் பிரஷ் விட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி, காற்றடித்து, வெள்ளைத் துணியில் கறை படாத வரை செய்யுங்கள். கிராங்கின் உள்துளைகளும் அப்படித்தான். கிரைண்டிங் தூள் அங்கே தங்கும், அடைப்பு பிளக் இருந்தால் எடுத்துவிட்டுக் கழுவவேண்டும். பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீச்சும் ஜெட் உங்கள் இன்ஜினில் இருந்தால் துளை திறந்திருக்கிறதா, வளையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் அழுத்தம் கூடினால் திறக்கும் ரிலீஃப் வால்வைப் பிரித்துக் கழுவுங்கள். ஒரே ஒரு துகள் அதைத் திறந்தபடி நிறுத்திவிட்டால் அழுத்தமே வராது. ஆயில் பம்ப் அந்தத் தூளையெல்லாம் மென்று தின்றிருக்கிறது. உள்ளே கீறல் இருந்தால் மாற்றுங்கள். பம்புக்குப் போகும் உறிஞ்சு குழாயின் வளையமும் புதிது. அங்கே காற்று இழுத்தால் சம்ப் நிறைய ஆயில் இருந்தும் பேரிங் காயும். டர்போ இருந்தால் அதையும் பிரித்துப் பார்க்காமல் மாட்டாதீர்கள்.

மாட்டும்போது ஒவ்வொரு ஜர்னலிலும் பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தால் இடைவெளியைக் காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைத்து இறுக்கிப் பார்த்து இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். 60, 70 மி.மீ. ஜர்னலுக்குப் பொதுவாக 0.05 முதல் 0.1 மி.மீ. வரை இருக்கும், ஆனால் உங்கள் கையேட்டில் உள்ள எண்ணே முடிவு. பேரிங்குக்குத் தாராளமாக ஆயில் தடவுங்கள். பம்பை ஆயிலால் நிரப்பி மாட்டுங்கள். எல்லாம் மூடி ஆயில் ஊற்றிய பிறகு, நாசில் மாட்டாமல், டீசலை நிறுத்தும் ஸ்டாப் கம்பியை இழுத்து வைத்துக்கொண்டு, ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். கேஜில் முள் எழும்பிய பிறகுதான் நாசில் மாட்டவேண்டும். ஸ்டார்ட் ஆனதும் கண் கேஜை விட்டு நகரக் கூடாது. 10 நொடிக்குள் அழுத்தம் காட்டாவிட்டால் நிறுத்துங்கள்.

புது ரிங் என்று பயந்து மணிக்கணக்கில் ஐடிலில் விடுவார்கள். அது தவறு. ரிங்குக்குப் பின்னால் எரிவாயு அழுத்தம் இருந்தால்தான் அது லைனரில் பதியும். சூடேறியதும் மிதமான சுமையில் வேலை கொடுங்கள், முழுச் சுமை மட்டும் கொஞ்ச நாளுக்கு வேண்டாம். 50 மணிநேரத்தில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, அந்த ஃபில்டரையும் வெட்டிப் பாருங்கள்.

பழைய இன்ஜின் வாங்கி மாட்டலாமா என்ற கேள்விக்கு: பிளாக் முழுசாக இருந்தால் உங்கள் இன்ஜினையே செய்யுங்கள். வாங்குகிற இன்ஜினின் சம்பையும் திறந்து பார்க்காமல் நீங்கள் மாட்டப்போவதில்லை, அதன் கதை உங்களுக்குத் தெரியவும் தெரியாது. பிளாக் உடைந்திருந்தால் மட்டும் அந்தப் பக்கம் யோசியுங்கள்.

கேள்வி: ஓட்டிக்கொண்டிருக்கும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. உடனே நிறுத்திவிட்டேன். ஃபில்டர் லூசாகி ஆயில் பாதிக்கு மேல் போயிருந்தது. இறுக்கி, ஆயில் நிரப்பி ஓட்டுகிறேன், சத்தம் எதுவும் இல்லை. இப்படியே விட்டுவிடலாமா? வீட்டில் டிராக்டர் ஓட்டுவது நான்தான்.

பதில்: உடனே நிறுத்தினீர்கள் அல்லவா அம்மா, அதுதான் உங்கள் இன்ஜினைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அந்த விளக்கை முழுசாக நம்பாதீர்கள். அதன் சுவிட்ச் பொதுவாக அரை பார் அளவுக்கு அழுத்தம் இறங்கிய பிறகுதான் விளக்கைப் போடும். வேலை வேகத்தில் ஓடும் இன்ஜினுக்கு 2 பாருக்கு மேல் வேண்டும். ஆக, விளக்கு எரிவதற்கு முன்பே பேரிங் கொஞ்ச நேரம் பட்டினி கிடந்திருக்கிறது.

மூன்று வேலை செய்யுங்கள். இப்போது மாட்டியிருக்கும் ஃபில்டரை 10 மணிநேரம் ஓடிய பிறகு கழற்றி வெட்டிப் பாருங்கள். சுவிட்ச் இருக்கும் துளையில் முள் கேஜ் ஒன்றை மாட்டி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு அழுத்தம் பாருங்கள். பல டிராக்டர்களில் சூட்டில், ஐடிலில் 1 பார் சுற்றி இருக்கும், வேலை வேகத்தில் 2 முதல் 4 வரை. உங்கள் கையேட்டோடு ஒப்பிடுங்கள். இரண்டும் சுத்தம் என்றால் நிம்மதியாக ஓட்டுங்கள். ஃபில்டரில் மினுக்கு தெரிந்தாலோ அழுத்தம் குறைவாக இருந்தாலோ சம்பை இறக்கி பிக் எண்ட் கேப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். மூன்றாவது, அந்த முள் கேஜை எடுத்துவிடாமல் கண்ணில் படும் இடத்தில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு ஆபத்து வந்த பிறகு சொல்லும், முள் வருவதற்கு முன்னால் சொல்லும்.

கேள்வி: எங்கள் டிராக்டரில் ஆயில் குறைவதே இல்லை. குச்சியில் அளவு ஏறிக்கொண்டே போகிறது. நல்ல இன்ஜின் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் ஒருவர் இது ஆபத்து என்கிறார்.

பதில்: அவர் சொல்வது சரி, இன்றே ஓட்டுவதை நிறுத்துங்கள். ஆயில் தானாகக் கூடாது. ஏதோ ஒன்று உள்ளே இறங்குகிறது, டீசல் அல்லது தண்ணீர். குச்சியில் இருக்கும் ஆயிலை விரலில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். தண்ணீர் மாதிரி மெலிந்து டீசல் வாசம் அடித்தால், ஃபீட் பம்பின் டயாஃப்ரம், டீசல் பம்பின் ஷாஃப்ட் சீல், சில இன்ஜின்களில் ராக்கர் கவருக்குள் போகும் டீசல் ரிட்டர்ன் குழாய், ஒழுகும் நாசில் என்று இந்த வரிசையில் தேடுங்கள். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர். லைனர் அடி வளையமோ, ஹெட் கேஸ்கெட்டோ, கூலரோ காரணமாக இருக்கும்.

மெலிந்த ஆயிலால் நான் மேலே சொன்ன படலத்தைத் தாங்கமுடியாது. சம்ப் நிறைய இருந்தும், ஆயிலே இல்லாத இன்ஜின் மாதிரியே பேரிங் உருகும். கசிவை அடைத்துவிட்டு, பழைய ஆயிலை முழுசாக இறக்கி, ஃபில்டரோடு மாற்றுங்கள்.

கேள்வி: நான் பட்டறையில் வேலை பழகுகிறேன் அண்ணே. பேரிங் கொஞ்சம் தளர்வாக இருந்தால் கேப்பின் முகத்தை ராவிவிட்டு இறுக்கலாம், அல்லது பேரிங் முதுகில் தாள் வைக்கலாம் என்று சீனியர் ஒருவர் சொல்லிக் கொடுத்தார். செய்யலாமா?

பதில்: இரண்டும் செய்யாதே தம்பி. அவர் பழகிய காலத்தில் உலோகத்தை ஊற்றிச் சுரண்டிப் பொருத்தும் பேரிங்குகள் இருந்தன, அதற்கு அந்த முறை சரி. இப்போது வருவது தயாராக அளவெடுத்த மெல்லிய துண்டுகள். அதைப் போட்டுக் கேப்பை வைத்துப் பார், துண்டின் முனை கேப் மட்டத்துக்கு மேலே மயிரிழை நீட்டிக்கொண்டிருக்கும். அது தவறு இல்லை, வேண்டுமென்றே வைத்தது. இறுக்கும்போது அந்த நீட்டம் அழுந்தி, துண்டின் முதுகு ராடோடு சுற்றிலும் இறுகப் பதியும். அந்தப் பிடிதான் பேரிங்கைச் சுற்றவிடாமல் வைக்கிறது, சூட்டையும் ராடுக்குக் கடத்துகிறது. கேப்பை ராவினால் துளை முட்டை வடிவமாகும். தாள் வைத்தால் சூடு கடத்தும் வழி அடைபடும், தாள் கருகியதும் பிடி போய்விடும்.

தளர்வாக இருந்தால் ஜர்னலை அள. தேய்ந்திருந்தால் கிரைண்டிங் செய்து அதற்கான அண்டர் சைஸ் பேரிங் போடு. ஜர்னல் சரியாக இருந்தால் ராடின் துளையை அள. இரண்டும் சரி என்றால் கையில் இருக்கும் பேரிங்கின் முதுகில் பொறித்த எண்ணைப் படி. 0.25 போடவேண்டிய இடத்தில் ஸ்டாண்டர்ட் பேரிங் வந்திருக்கலாம்.